குதிரைமூலம் மட்டும் கேளுங்கள்

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரத்துக்குப் போகிறவர்கள் இந்தப் பட்டியலில் விஸ்கிமூலம், வீரர்மூலம், கோழிவறுவல்மூலம் மூன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. குதிரைமூலம் மட்டும் தாராளமாகக் கேட்கலாம். அப்பன், பாட்டன், முப்பாட்டன், தாய்வழிப் பாட்டியின் அக்கா என்று பிறந்த தேதியோடு ஒப்பிப்பார்கள். "அதெல்லாம் சரி, உங்கள் ஊர்ப் பெரிய மனிதர் இந்தக் கல்லறைக்குள் நிஜமாகவே இருக்கிறாரா?" என்று கேட்டீர்களானால், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரு கிளாஸ் கையில் வந்துசேரும்.

ஊரின் பெயரே இரவல். 1775 ஜூன் மாதம் வில்லியம் மெக்கானலும் சில கூட்டாளிகளும் நிலம் தேடி வந்து ஒரு ஊற்றுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டார்கள். அப்போது கிழக்கேயிருந்து செய்தி வந்தது: மாசசூசெட்ஸில் லெக்சிங்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் உள்ளூர் விவசாயிகளுக்கும் ஏப்ரலில் துப்பாக்கிச் சண்டை, சுதந்திரப் போர் ஆரம்பமாகிவிட்டது. சண்டை நடந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். நம் ஆட்கள் அதில் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஆனாலும் உணர்ச்சிவசப்பட்டு, அப்போதுதான் உட்கார்ந்த இடத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். சூட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள். ஊர் என்று ஒன்று நிலையாக அமைந்தது 1779இல்தான். நாலு வருஷம் அது பெயர் மட்டும் உள்ள காடு.

அந்த மண்ணின் பெருமை புளூகிராஸ் என்கிற புல். மாநிலத்துக்கே அதுதான் செல்லப்பெயர். புல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. தவிர, பச்சையாக இருக்கிறது. பூக்கும்போது விட்டால் நீலம் தட்டும் என்கிறார்கள், அவர்கள் விடுவதில்லை, குதிரையும் விடுவதில்லை. அசல் உள்ளூர்ச் சரக்கு என்றால் அடியில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைதான். அதில் வடிந்து வரும் தண்ணீரில் இரும்பு இல்லை, கால்சியம் உண்டு. இரும்பில்லாததால் விஸ்கி கறுக்காது. கால்சியம் இருப்பதால் குட்டிக்கு எலும்பு உறுதி. ஊரின் இரண்டு தொழிலையும் நடத்துவது அந்தப் பாறை. அதற்கு ஒரு சிலை கிடையாது.

முதலில் விஸ்கி. மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம், உள்ளே கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாய் – இந்த இரண்டும் இல்லாமல் பர்பன் என்று லேபிள் ஒட்ட முடியாது. பீப்பாயைக் கருக்கும் இந்த அரிய யோசனை யாருக்கு வந்தது? எலைஜா கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் பாதிரியாருக்கு என்று கதை. 1789இல் கொட்டகை தீப்பிடித்ததாம், பீப்பாய்கள் உள்ளே கருகினவாம், சிக்கனக்காரரான பாதிரியார் அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாமல் சரக்கை ஊற்றினாராம், அமிர்தம் பிறந்ததாம். கிரெய்க் நிஜமான ஆள். வர்ஜீனியாவில் உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்து சிறைக்குப் போனவர், ஜார்ஜ்டவுனில் ஆலை வைத்தவர், சாராயமும் காய்ச்சியவர். காய்ச்சாதவர் அந்தப் பக்கத்தில் யார்? ஆனால் முதல் பர்பன் 1789இல் அவர் ஊர் ஆலையில் பிறந்தது என்ற செய்தி அச்சேறியதே 1874இல், ஒரு கென்டக்கி வரலாற்று நூலில். அதற்குள் பாதிரியார் போய்ச் சேர்ந்து அறுபது வருஷத்துக்கு மேல். மதுவிலக்குக்காரர்கள் பைபிளும் கையுமாகச் சாராயக் கடை வாசலில் நின்ற காலத்தில், "இதைக் கண்டுபிடித்ததே ஒரு பாதிரியார்தான்" என்று சொல்ல ஆள் கிடைத்தால் வியாபாரி விடுவானா? இன்று அவர் பெயரில் பாட்டிலே இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் கிடங்குப் பக்கம் போனால் ஒன்றைக் கவனியுங்கள். மரத்தின் பட்டை, வீட்டுச் சுவர், வேலிக்கம்பம், நிறுத்திவைத்த காரின் கூரை – எல்லாவற்றிலும் கரி பூசியதுபோல் ஒரு கறுப்புப் படலம். விரலால் தேய்த்தால் லேசில் போகாது. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகும் சாராயத்தை 'தேவதைகளின் பங்கு' என்று சுற்றுலாக்காரர்களிடம் உருகி உருகிச் சொல்வார்கள். தேவதைகள் எவ்வளவு குடிக்கின்றன என்பது தெரியாது. அந்த ஆவியைக் குடித்து வளரும் பூஞ்சைதான் கண்ணுக்குத் தெரிகிறது, அக்கம்பக்கத்து வீடுகள் பூராவும். மாநிலத்தில் மனிதர்களைவிடப் பீப்பாய்கள் அதிகம் என்பதால் பூஞ்சைக்குப் பஞ்சமில்லை.

விஸ்கி உயிர்காத்த கதையும் ஒன்று உண்டு. லெக்சிங்டனில் வில்லியம் சாலமன் என்று ஒரு குடிகாரர், வீதிதான் வீடு. ஊரார் வைத்த பட்டப்பெயர் 'ராஜா சாலமன்'. 1833இல் நாடோடியாகத் திரிந்த குற்றத்துக்காக அவர் உழைப்பை ஏலம் விட்டார்கள். கறுப்பினத்தவரைச் சந்தையில் நிறுத்தி விற்ற ஊர் அது. சீப்சைடு என்ற அந்த இடம் மாநிலத்தின் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று. அப்பேர்ப்பட்ட ஊரில் இந்த வெள்ளைக்காரரை ஏலத்தில் எடுத்தவர், விடுதலை பெற்ற ஒரு கறுப்பினப் பெண்மணி. 'சார்லட் அத்தை' என்று ஊருக்குத் தெரிந்தவர், சந்தையில் பலகாரம் விற்றுப் பிழைத்தவர். எடுத்ததும் சாலமனை அவர் போக்கில் விட்டுவிட்டார்.

அந்தக் கோடையிலேயே காலரா வந்தது. ஏறக்குறைய 500 பேர் செத்தார்கள். கனவான்கள் வண்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். பிணங்களைப் புதைக்க ஆளில்லை. சாலமன் மண்வெட்டியை எடுத்தார். நாள் முழுக்க வெட்டினார், காலரா அவரைத் தொடவேயில்லை. காரணம், தண்ணீர் என்ற வஸ்துவை அவர் தொடுவதில்லையாம். காலரா பரவுவது தண்ணீரில் என்று மருத்துவர்கள் ஒத்துக்கொள்ள இன்னும் சில பத்தாண்டுகள் பாக்கி. சாலமன் ஆராய்ச்சி எதுவும் செய்யாமலேயே சரியான பக்கம் இருந்திருக்கிறார். இன்று லெக்சிங்டன் மயானத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஜனாதிபதி தேர்தலில் மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்ற ஹென்றி கிளேவுக்கும் அங்கேதான், 120 அடி உயரத் தூண். குழி வெட்டியவரின் கல் சின்னது, தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெயர் டிரான்சில்வேனியா. சிரிக்காதீர்கள்; அது தொடங்கியது 1780இல், டிராகுலா அச்சில் வந்தது 1897இல். ஆனால் வௌவால் கதை இவர்களிடமும் உண்டு.

1819இல் இங்கே பேராசிரியராக வந்தவர் கான்ஸ்டன்டைன் ரஃபினெஸ்க். கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்த பிரெஞ்சுக்காரர். எதைப் பார்த்தாலும் புதுப் பெயர் வைத்துவிடும் வியாதி. செடி, மீன், எலி, நத்தை, எது எதிரே வந்தாலும் ஞானஸ்நானம்தான். வேலைக்கு வருவதற்கு முந்தைய வருஷம் ஹெண்டர்சன் ஊரில் பறவை ஓவியர் ஆடுபானின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். ராத்திரி அவர் அறையில் ஒரே அமளி. ஆடுபான் கதவைத் திறந்து பார்த்தால், பேராசிரியர் பிறந்த மேனியாக ஓடிக்கொண்டிருக்கிறார், கையில் ஆடுபானின் அருமை கிரெமோனா வயலின், மேலே வௌவால்கள். அவை புது இனம் என்று பட்டுவிட்டது, வயலினால் அடித்துப் பிடிக்கப் பார்க்கிறார். வயலின் போயிற்று. சொன்னவர் ஆடுபான்தான், மற்றவர் தரப்பை யாரும் கேட்கவில்லை.

ஆடுபான் கோபப்படவில்லை, அதைவிட மோசமான காரியம் செய்தார். ஒஹையோ ஆற்றில் இருப்பதாகச் சுமார் பத்து மீன்களைக் கற்பனையில் வரைந்து கொடுத்தார். அதில் ஒன்றுக்குச் செதில் வைரம் மாதிரி, துப்பாக்கிக் குண்டு துளைக்காது, இரும்பால் தட்டினால் தீப்பொறி பறக்கும். ரஃபினெஸ்க் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டு, 1820இல் ஒஹையோ ஆற்று மீன்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் லத்தீன் பெயர் வைத்துச் சேர்த்தார். பின்னால் வந்த மீனியல்காரர்கள் குண்டு துளைக்காத மீனைத் தேடி அலைந்த பாவம் யாரைச் சேரும்? இத்தனைக்கும் மனிதர் முட்டாள் இல்லை. ம்யூல் டீர் என்ற மானுக்கும் வெள்ளைக்கால் சுண்டெலிக்கும் அவர் வைத்த அறிவியல் பெயர் இன்றைக்கும் செல்லும். அள்ளி எறிந்ததில் சில சரியாக விழுந்தன.

பல்கலைக்கழகத் தலைவர் ஹோலிக்கும் இவருக்கும் ஆகவில்லை. ஊர் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் தன் அறையைக் காலி செய்து சாமான்களை ஒரு மூலையில் குவித்திருக்கிறார்கள். 1826இல் மூட்டை கட்டினார். போகும்போது ஹோலியையும் கல்லூரியையும் சபித்துவிட்டுப் போனதாக அவரே பதிந்திருக்கிறார். 1827இல் ஹோலி மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். 1829இல் கல்லூரியின் பிரதான கட்டடம் எரிந்தது. சாபத்துக்கு நாலு வருஷம்கூட ஆகவில்லை, துர்வாசர் தேவலை என்று ஆகிவிட்டது.

ஆகவே பரிகாரம். 1924இல் ஃபிலடெல்ஃபியா மயானத்தில் ரஃபினெஸ்க்கின் குழியைத் தோண்டி, எலும்புகளைச் சகல மரியாதையோடு லெக்சிங்டனுக்குக் கொண்டுவந்து, கல்லூரிக் கட்டடத்துக்குள்ளேயே சமாதி வைத்தார்கள். தாமதமானாலும் உரிய மரியாதை என்கிற தொனியில் மேலே எழுத்து. ஒரு சின்னச் சிக்கல்: அந்த ஏழைகள் மயானத்தில் ஒரே குழிக்குள் மாடி வைத்துப் பலரைப் புதைப்பது வழக்கம். வந்துசேர்ந்த எலும்பு மேரி பாஸ்மோர் என்ற பெண்மணியுடையது என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அம்மணி லெக்சிங்டனைக் கனவிலும் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் ரஃபினெஸ்க் வாரம் கொண்டாடுகிறார்கள். குலுக்கலில் ஜெயிக்கும் மாணவர்கள் ஒரு ராத்திரி சமாதி அறையில் படுத்துத் தூங்கலாம். சபித்தவர் ஃபிலடெல்ஃபியாவில், பரிகாரம் இங்கே, நடுவில் மேரியம்மா.

இது ஏதோ ஒரு தடவை நடந்த தவறு என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட். காடுகொண்ட வீரர் டேனியல் பூனுக்கு அங்கே மலை உச்சியில் சமாதி. கென்டக்கியில் அவர் பிடித்த நிலமெல்லாம் பத்திரம் சரியில்லை என்று கோர்ட்டில் போயிற்று, வெறுத்துப்போய் மிசௌரிக்குக் குடிபெயர்ந்து 1820இல் அங்கேயே இறந்தார். 1845இல் கென்டக்கிக்காரர்கள் போய்த் தோண்டி எடுத்து வந்தார்கள். நீங்கள் எடுத்துப் போனது வேறு ஆள் என்று மிசௌரிக்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். இருப்பது யார் என்பதில் தகராறு. உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு காணி நிலம் விடாதவர்கள், செத்த பிறகு மலையையே கொடுத்தார்கள் என்பதில் தகராறு இல்லை.

இப்போது குதிரைக்கு வருவோம். இங்கேதான் எல்லாம் துல்லியம். அமெரிக்கப் பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேட்டை 1868இல் வெளியிட ஆரம்பித்தவர் ஒரு லெக்சிங்டன்காரர், கர்னல் சாண்டர்ஸ் புரூஸ். கென்டக்கியின் முதல் கர்னல் சாண்டர்ஸ் இவர்தான். இவர் யாரையும் வறுக்கவில்லை. எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு, எந்தத் தகப்பனுக்கு, எந்த வருஷம் – கணக்கில் ஒரு ரோமம் பிசகாது.

லெக்சிங்டன் என்ற பெயரிலேயே ஒரு குதிரை. 1850இல் இந்த ஊரில் பிறந்தது. ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே கண் மங்கி, பிறகு முழுக்குருடாயிற்று. அதனால் தகப்பன் உத்தியோகத்துக்குப் போனது. 16 தடவை அமெரிக்காவின் முதல்தரத் தகப்பன் பட்டம். 1875இல் செத்ததும் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். பிறகு தோண்டி எடுத்து எலும்புக்கூட்டை வாஷிங்டனில் ஸ்மித்சோனியனுக்கு அனுப்பினார்கள். 2010இல் அது ஊர் திரும்பி, குதிரைப் பூங்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கவனியுங்கள், எலும்பு மாறவில்லை. பெட்டியைத் திறந்தால் வேறு ஒரு கழுதை இருந்தது என்று ஒரு முணுமுணுப்பும் இல்லை.

மேன் ஓ' வார் என்ற குதிரையின் கதை இன்னும் தடபுடல். 21 பந்தயம், 20 வெற்றி. 1947இல் செத்தபோது உடலைப் பதப்படுத்தி, ஓக் பெட்டியில் தன் பந்தய நிறங்களான கறுப்பு மஞ்சளில் துணி விரித்துப் படுக்கவைத்தார்கள். ஜனங்கள் வரிசையில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். அடக்கத்தை வானொலியில் ஒலிபரப்பினார்கள். இரங்கலுரைகளும் உண்டு.

ஐசக் மர்ஃபிக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. லெக்சிங்டனில் வளர்ந்த கறுப்பின ஜாக்கி. கென்டக்கி டெர்பியை 1884, 1890, 1891 என்று மூன்று முறை ஜெயித்தவர். அந்தக் காலத்தில் பந்தயமே கறுப்பினத்தவர் கையில்தான் இருந்தது. 1875இல் நடந்த முதல் டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர், ஜெயித்த ஆலிவர் லூயிஸும் அப்படியே. பரிசுத்தொகை ஏற ஏற, நிறவெறி அவர்களை ஒவ்வொருவராகச் சேணத்திலிருந்து இறக்கியது. மர்ஃபி 1896இல், நாற்பதைத் தொடுவதற்கு முன்பே இறந்தார். ஏழாம் தெருவில் கறுப்பினத்தவர் மயானத்தில் புதைத்தார்கள், மர அடையாளம் மக்கிப்போயிற்று, இடம் மறந்துபோயிற்று. 1960களில் ஒரு பத்திரிகையாளர் வருஷக்கணக்கில் தேடி அலைந்து கண்டுபிடித்தார். 1967இல் தோண்டி எடுத்து, மரியாதையான இடத்தில் வைத்தார்கள். எங்கே என்கிறீர்கள்? மேன் ஓ' வார் குதிரைக்குப் பக்கத்தில். மர்ஃபி இறந்து 21 வருஷம் கழித்துப் பிறந்த குதிரை அது. அவர் அதைக் கண்டதுமில்லை, அது அவரைச் சுமந்ததுமில்லை. இன்று இருவரும் குதிரைப் பூங்காவில் இருக்கிறார்கள், நுழைவுச்சீட்டு ஒன்றுதான்.

குதிரை விஷயத்தில் ஊர் சறுக்கிய இடம் ஒன்றே ஒன்று. உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் சூறையாடலுக்குப் பெயர் போன ஜெனரல் ஜான் ஹன்ட் மார்கன் ஏறியது 'பிளாக் பெஸ்' என்ற பெட்டைக் குதிரை. 1911இல் கோர்ட் வாசலில் அவருக்குச் சிலை வைத்தபோது, வீரன் பெட்டைக் குதிரையில் ஏறினால் எடுப்பாக இருக்காது என்று சிற்பி தீர்மானித்து, ஆண்குதிரைக்கு உரிய சகல சாமான்களோடும் வெண்கலத்தில் வார்த்துவிட்டார். தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிப் பையன்கள் ராத்திரியில் வந்து அந்தச் சாமான்களுக்கு மட்டும் நீலமும் வெள்ளையும் பெயின்ட் அடித்தார்கள். 2017இல் சிலையை அங்கிருந்து அகற்றினார்கள் – அடிமைமுறைக்காகச் சண்டை போட்டவர் பழைய அடிமைச் சந்தை வாசலில் நிற்பது சகிக்காமல். இப்போது மயானத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே ஜெனரலின் தம்பி மகன் தாமஸ் ஹன்ட் மார்கன், இதே ஊரில் பிறந்தவர், ஆண் பெண் என்று நிர்ணயிக்கும் குரோமோசோமில் பிற குணங்களும் சவாரி செய்கின்றன என்பதைப் பழ ஈயின் வெள்ளைக் கண்ணை வைத்து 1910இல் கண்டுபிடித்தார். 1933இல் நோபல். பெரியப்பாவின் குதிரைக்குக் குரோமோசோம் எதுவும் இல்லாமலேயே மறு வருஷம் பால் மாறிவிட்டது.

பதிவேடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் குதிரை அதைப் படிப்பதில்லை. 1983 ஜூலையில் இந்த ஊரின் கீன்லேண்ட் குதிரை ஏலத்தில் ஸ்னாஃபி டான்சர் என்று பிற்பாடு பெயர் பெற்ற ஒரு வயதுக் குட்டி நின்றது. தகப்பன் நார்தர்ன் டான்சர், அப்பழுக்கில்லாத வம்சம். ஒரு பக்கம் இங்கிலாந்துக் கோடீஸ்வரர் கூட்டம், இன்னொரு பக்கம் துபாய் ஷேக் முகம்மது. விலை ஏறிக்கொண்டே போய் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ஏலப் பலகையில் ஏழு இலக்கத்துக்குத்தான் இடம். எட்டாவது இலக்கம் வந்ததும் பலகை திணறி, வெறும் இரண்டு லட்சம் டாலர் என்று காட்டியது. 1 கோடியே 2 லட்சத்துக்கு ஷேக் எடுத்தார். குட்டி வளர்ந்து ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. அத்தனை மந்தம், களத்தில் விட்டால் மானக்கேடு. சரி, தகப்பன் உத்தியோகமாவது பார்க்கட்டும் என்றால், அதிலும் கோளாறு, வாழ்நாளில் நாலே குட்டி. பலகை காட்டிய விலைதான் நியாயமோ என்னவோ.

சாப்பாட்டுக்கும் குதிரைக்கும் முடிச்சு உண்டு. கிடைத்த கறி, கிடைத்த காய் எல்லாம் அண்டாவில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவிடும் பர்கூ என்ற குழம்பு, நம் ஜெனரல் மார்கனின் ஆட்களுக்குச் சமைத்த குஸ் ஜோபேர் என்பவரால் பிரபலமானது என்கிறார்கள். பிற்காலத்தில் ஜேம்ஸ் லூனி என்ற லெக்சிங்டன் சமையல்காரருக்குப் 'பர்கூ ராஜா' என்று பட்டம். அவர் பெயரில் விட்ட பர்கூ கிங் குதிரை 1932இல் டெர்பியை ஜெயித்தது. பழைய நாளில் குழம்பில் அணில்கூடப் போடுவார்களாம். இப்போது கோழி, பன்றி, மாட்டோடு சரி. அணிலுக்கு ராமர் அருள்.

கோழி என்றதும் இரண்டாவது கர்னல் சாண்டர்ஸ் நினைவுக்கு வருவார். ஹார்லண்ட் சாண்டர்ஸ் பிறந்தது இண்டியானாவில். ராணுவத்தில் கர்னல் ஆகவில்லை. 1935இல் ஆளுநர் கொடுத்த கௌரவப் பட்டம் அது. துப்பாக்கிச் சூடு மட்டும் நிஜம்: 1931இல் கார்பின் ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தபோது, தன் விளம்பரத்தின் மேல் பெயின்ட் அடித்த போட்டிக்காரரோடு நடந்த சண்டையில் ஓர் ஆள் செத்தார், போட்டிக்காரருக்குத் தோளில் குண்டு. 'கென்டக்கி ஃபிரைடு சிக்கன்' என்று பெயர்ப்பலகை மாட்டிய முதல் கடை 1952இல் திறந்தது. கென்டக்கியில் இல்லை. யூட்டா மாநிலத்தில்.

வயிறு நிறைந்தால் கிழக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டி ரெட் ரிவர் கோர்ஜுக்குப் போங்கள். மணற்பாறை தானாகக் குடைந்துகொண்ட வளைவுகள் நூற்றுக்கு மேல், செங்குத்துப் பாறையில் பல்லியாக ஒட்டிக்கொண்டு ஏறும் இளசுகள். அணை கட்டி இதையெல்லாம் மூழ்கடிக்கப் பார்த்தபோது, 1967இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் நேரில் வந்து பள்ளத்தாக்கில் நடந்தே எதிர்த்தார். அணை வரவில்லை.

அங்கே ஒரு பாறை நிழலில் பழைய குடிசையின் மிச்சம் இருக்கிறது. அதில் கிடைத்த பலகை ஒன்றில் பூனின் பெயர் செதுக்கியிருந்ததால், வீரர் தங்கிய குடில் என்று ஆயிற்று. பூன் எழுத்துப்பிழைக்குப் பேர்போனவர்தான். ஆனால் தன் பெயரின் கடைசியில் வரும் 'இ' எழுத்தை மட்டும் தவறாமல் போடுவார். பலகையில் அது இல்லை. குடிசையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். பாறை ஏறும் பையன்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மிகேல் கடையில் பீட்சா தீர்ந்துவிடும் என்று ஓடுகிறார்கள்.